வட்டார சமூக அறிவியல் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவது எப்படி?

முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தை வெட்டி, முன்னால் ஒரு சுருக்கம் சேர்த்து, அப்படியே இதழுக்கு அனுப்பிவிடுவது பரவலான வழக்கம். அப்படி வரும் கட்டுரைகளில் பல, அவற்றைப் படித்துத் தகுதி சொல்லும் துறை அறிஞரான மதிப்பீட்டாளர் கைக்குப் போவதே இல்லை. ஆசிரியர் குழுவிலிருந்தே திரும்பிவிடுகின்றன. ஆய்வு மோசம் என்று அதற்குப் பொருளில்லை. மாதக்கணக்கில் வெயிலில் அலைந்து திரட்டிய தரவு, ஒரு வாரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் குறைகளால் வீணாகிறது. அந்த ஒரு வாரத்தில் என்ன செய்ய வேண்டும், அனுப்பிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

இதழைத் தேர்வது

கட்டுரையை முடித்துவிட்டு இதழைத் தேடாதீர்கள். இதழை முடிவு செய்துகொண்டு எழுதத் தொடங்குங்கள். தென்னாசியாவில் சமூக அறிவியலுக்கு மதிப்பான வட்டார இதழ்கள் உண்டு. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் 1996 முதல் ‘ரிவ்யூ ஆஃப் டெவலப்மென்ட் அண்ட் சேஞ்ச்’ இதழை ஆண்டுக்கு இருமுறை கொண்டுவருகிறது. இலங்கையில் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ‘ஸ்ரீலங்கா ஜர்னல் ஆஃப் சோஷியல் சயின்சஸ்’ 1978-ல் தொடங்கியது. மும்பையிலிருந்து வரும் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ வார இதழாக இருந்தாலும் அதன் சிறப்புக் கட்டுரைகள் மதிப்பீட்டுக்குப் போய்த்தான் வெளியாகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஓர் இதழ் பொருளியல் தரவை முன்வைக்கும் கட்டுரையை விரும்பும், இன்னொன்று மக்களோடு இருந்து பார்த்து விவரிக்கும் இனவரைவியல் நடையை ஏற்கும், மற்றொன்று கொள்கை விவாதத்துக்கு இடம் தரும்.

கடைசி ஆறு இதழ்களின் பொருளடக்கத்தைப் பாருங்கள். உங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் வரும் இரண்டு மூன்று கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். அவற்றோடு உங்கள் கட்டுரைக்கு இயல்பான தொடர்பு எதுவும் அமையவில்லை என்றால் அது உங்களுக்கான இதழ் அல்ல. ஆசிரியரை மகிழ்விக்க அந்த இதழின் கட்டுரைகளை மேற்கோள் பட்டியலில் திணிப்பதும் வேண்டாம். அனுபவமுள்ள ஆசிரியருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

போலி இதழ்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறை ஆய்வாளர்கள். ‘மூன்று நாளில் வெளியீடு’, வாட்ஸ்அப்பில் கட்டுரை வாங்குவது, மதிப்பீட்டுக் குறிப்பே இல்லாமல் ஏற்புக் கடிதமும் கட்டண ரசீதும் ஒன்றாக வருவது, ஒரே இதழில் வணிகவியல், தாவரவியல், தமிழ் இலக்கியம் எல்லாம் கலந்து கிடப்பது ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள். ஐஎஸ்எஸ்என் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது அடையாள எண் மட்டுமே, தரச் சான்று இல்லை. ஆனால் அட்டையில் இருக்கும் எண் மெய்யானதுதானா என்பதைத் தாளும் பேனாவுமாகச் சோதித்துவிடலாம். எட்டு இலக்கங்களில் முதல் ஏழை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து வரும் மீதியை 11-இலிருந்து கழித்தால் கடைசி இலக்கம் கிடைக்க வேண்டும். மீதி சுழியம் என்றால் கடைசி இலக்கமும் சுழியம். விடை 10 வந்தால் அங்கே ‘எக்ஸ்’ எழுத்து இருக்கும். ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யின் எண் 0012-9976. முதல் ஏழு இலக்கங்களின் பெருக்கல்களைக் கூட்டினால் 93, அதை 11-ஆல் வகுத்தால் மீதி 5, 11-இல் 5 போனால் 6. சரியாக இருக்கிறது. கணக்கு ஒத்துவந்த பிறகும் ஐஎஸ்எஸ்என் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, இதழின் பெயரும் வெளியிடும் நாடும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி வேறு இணையதளம் நடத்தும் மோசடியும் நடக்கிறது. அதனால் இதழின் இணைப்பை அதை வெளியிடும் நிறுவனத்தின் தளம் வழியாகவே திறந்து பாருங்கள்.

‘யுஜிசி பட்டியலில் இருக்கிறதா?’ என்ற கேள்வி இந்தியாவில் இன்னும் முதலில் வருகிறது. யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதன் பிறகு வந்த ‘கேர்’ பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டு, இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே முடிவு செய்யட்டும் என்றது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதியும் 2022 நவம்பர் ஒழுங்குமுறையோடு போய்விட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘எங்கேயாவது சீக்கிரம் வந்தால் போதும்’ என்ற அவசரத்துக்கு முன்பிருந்த காரணம் இப்போது பலருக்கு இல்லை.

அத்தியாயத்தைக் கட்டுரையாக்குவது

ஆய்வேட்டு அத்தியாயம் உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று காட்டுவதற்காக எழுதப்பட்டது. கட்டுரைக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்க வேண்டும். தொடங்கும் முன் இரண்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள். இதுவரை இந்த விஷயத்தில் மற்றவர்கள் சொன்னது என்ன என்பது முதல் வாக்கியம், என் தரவு அதில் எதை மாற்றுகிறது என்பது இரண்டாவது. இரண்டாவது வாக்கியம் வரவில்லை என்றால் கட்டுரை இன்னும் தயாராகவில்லை.

பெரும்பாலான இதழ்கள் 6,000 முதல் 9,000 சொல் வரை ஏற்கும். அடிக்குறிப்பும் மேற்கோள் பட்டியலும் அந்தக் கணக்கில் சேருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 8,000 சொல் என்று வைத்துக்கொண்டால் முன்னுரைக்கு 800, முந்தைய ஆய்வுகளுக்கு 1,000, களமும் முறையும் 1,000, கண்டறிந்தவை 3,500, விவாதமும் முடிவும் சேர்த்து 1,200, மீதி மேற்கோள் பட்டியல் என்று பிரிக்கலாம். திரும்பிப்போகும் கட்டுரைகளில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கும். உலகமயமாக்கல் பற்றி நான்கு பக்கம், முந்தைய ஆய்வு என்ற பெயரில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பத்தி, சொந்தத் தரவுக்கு இரண்டே பக்கம்.

ஆய்வுச் சுருக்கத்தை 150 முதல் 200 சொல்லுக்குள் எழுதுங்கள்: கேள்வி, இடமும் காலமும் மாதிரியும், முறை, முக்கியமான முடிவு, அதன் பொருள். ‘இக்கட்டுரை ஆராய்கிறது’ என்று தொடங்கி, என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதைச் சொல்லாமலே முடிந்துபோகும் சுருக்கங்கள் ஏராளம். மதிப்பீடு செய்ய அழைக்கப்படுபவருக்கு முதலில் போவது சுருக்கம் மட்டும்தான். அதைப் படித்துத்தான் அவர் ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

களமும் முறையும்: இங்கேதான் தேறுவதும் விழுவதும்

வட்டார இதழின் மதிப்பீட்டாளருக்கு உங்கள் களம் தெரிந்திருக்கும். அந்த மாவட்டத்தில் அவரே வேலை செய்திருக்கலாம். வெளிநாட்டு இதழில் தப்பித்துவிடும் மங்கலான வாக்கியம் இங்கே தப்பாது. ‘அப்பகுதி மக்களிடம் வினாநிரல் மூலம் தகவல் திரட்டப்பட்டது’ என்ற வரியை வைத்து எதையும் மதிப்பிட முடியாது. மாதிரிக்கு ஒரு பத்தி:

‘கிராமத்தில் 412 குடும்பங்கள். 2023 ஜனவரியில் வீடுவீடாகப் பட்டியல் எடுத்து, நில உடைமைப்படி மூன்று பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் நான்கில் ஒன்று என 103 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தோம். இருமுறை போயும் ஒன்பது வீடுகள் பூட்டியிருந்தன. 94 குடும்பங்களிடம் நேர்காணல் நடந்தது.’

இப்படி எழுதினால் மதிப்பீட்டாளர் கேட்கும் அடுத்த கேள்வியும் உங்களுக்கே தெரிந்துவிடும்: அந்த ஒன்பது வீடுகள் ஏன் பூட்டியிருந்தன? அவர்கள் செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போனவர்கள் என்றால், புலம்பெயர்வு பற்றிய உங்கள் கணக்கு குறைவாகக் காட்டுகிறது. அதை நீங்களே எழுதி, எந்தப் பக்கமாக எவ்வளவு சாயக்கூடும் என்று சொல்லிவிடுங்கள். மறைத்தால் குறை, சொன்னால் முறையின் ஒரு பகுதி.

எண்ணிக்கையைத் தாராளமாகக் கொடுங்கள், தசமத்தைக் குறையுங்கள். 94-இல் 35 என்றால் 37 சதவீதம் போதும், 37.23 என்று எழுதுவதால் துல்லியம் கூடிவிடாது. வயது, பாலினம், கல்வி ஒவ்வொன்றையும் ‘திருப்தி நிலை’யோடு சேர்த்து, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று சோதிக்கும் கை-ஸ்கொயர் பார்க்கும் அட்டவணை வரிசையை எடுத்துவிடுங்கள். கண்ணில் பட்டவர்களிடம் வினாநிரல் கொடுத்துத் திரட்டிய மாதிரிக்கு அந்தச் சோதனைகள் எதையும் நிரூபிப்பதில்லை. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் தந்த அட்டவணையை அப்படியே ஒட்டுவதும் வேண்டாம். வாதத்துக்குத் தேவையான நான்கைந்து அட்டவணை போதும்.

அரசுத் தரவில் நம் பகுதிக்கே உரிய பொறிகள் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. இன்றைய தென்காசி, கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறைக்கு 2011 மாவட்ட எண்ணிக்கை என்று எதையாவது நேரடியாகப் போட்டால் தவறு. வட்ட அளவுத் தரவைக் கூட்டி எடுத்து, எப்படி எடுத்தீர்கள் என்று குறிப்பும் தர வேண்டும். இலங்கையில் 2001 கணக்கெடுப்பு 25 மாவட்டங்களில் 18-இல் மட்டுமே முழுமையாக நடந்தது. 1981-க்குப் பிறகு முழுத் தீவுக்கும் நடந்தது 2012-இல்தான். யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ 2001 எண்ணைக் கொடுத்து வளர்ச்சி விகிதம் போட்டால், மதிப்பீட்டாளர் அந்த அட்டவணையிலேயே நின்றுவிடுவார். ‘எம்பிசி’ (மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) என்பது தமிழ்நாட்டில் 1989-இல் உருவான பிரிவு. மற்ற மாநில வாசகருக்காக ஒரு வரி விளக்கம் சேருங்கள். லட்சம், கோடியை மில்லியனாக மாற்றும் இடங்களில் ஒவ்வோர் எண்ணையும் இருமுறை சரிபாருங்கள். ஒரு சுழியம் பிசகியது, அச்சுக்கு முன் சரிபார்க்க வரும் மெய்ப்பு வரை கண்ணில் படாமல் போகும்.

ஊரின் பெயரைச் சொல்வதா மறைப்பதா என்பதைத் தீர யோசித்து முடிவு செய்யுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்த இருவேல்பட்டு, கங்கைகொண்டான் போன்ற கிராமங்களுக்குப் பெயர் இருந்ததால்தான் பின்வந்தவர்கள் மறுபடி அங்கே போய் மாற்றத்தை அளக்க முடிந்தது. மறுபுறம், சாதி மோதலோ கடனோ வன்முறையோ பேசும் ஆய்வில் பெயரைச் சொன்னால் பேட்டி கொடுத்தவர்களுக்கு ஆபத்து. மறைப்பது என்று முடிவெடுத்தால் ஒழுங்காக மறையுங்கள். புனைபெயர் வைத்துவிட்டு, ஒன்றியத்தின் பெயரையும் 2011 மக்கள்தொகையையும் கடைசி இலக்கம் வரை கொடுத்தால், கணக்கெடுப்புப் பட்டியலில் யாரும் ஐந்து நிமிடத்தில் ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மக்கள்தொகையை ‘ஏறத்தாழ 1,800’ என்று சுருக்குங்கள், ஒன்றியத்துக்குப் பதில் மாவட்டத்தோடு நிறுத்துங்கள். நன்றியுரையில் ஊராட்சித் தலைவரின் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் பெயர், உங்கள் கோப்பு

இதழ்களின் படிவங்கள் ‘முதல் பெயர், குடும்பப் பெயர்’ என்று கேட்கும். நமக்கு இருப்பதோ தலைப்பெழுத்தும் இயற்பெயரும். ஒரு கட்டுரையில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, அடுத்ததில் தலைப்பெழுத்தை மட்டும் போட்டால், கூகுள் ஸ்காலர் உங்களை இரண்டு ஆளாகப் பிரித்துவிடும், மேற்கோள்களும் சிதறும். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து அதையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். இயற்பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் இடுவது நல்லது. அப்போது மேற்கோளில் உங்கள் தந்தையின் பெயரால் அல்ல, உங்கள் பெயராலேயே அறியப்படுவீர்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணை இலவசமாகப் பதிந்து, ஒவ்வொரு கட்டுரையிலும் சேருங்கள்.

எழுதியவரும் மதிப்பீட்டாளரும் ஒருவரையொருவர் அறியாதபடி இருபுறமும் பெயர் மறைத்த மதிப்பீடு என்றால் கோப்பிலும் நீங்கள் தெரியக் கூடாது. முதல் பக்கத்தைத் தனிக் கோப்பாக்குங்கள். ‘எனது முந்தைய கட்டுரையில் கூறியபடி’ என்பதை வேறொருவரை மேற்கோள் காட்டுவதுபோல் மாற்றுங்கள். நன்றியுரை, நிதி உதவி எண், அனுமதி தந்த நெறிமுறைக் குழுவின் பெயர் ஆகியவற்றை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். பிறகு வேர்டில் ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று போய், ஆவணப் பண்புகளையும் தனிப்பட்ட தகவலையும் நீக்குங்கள். நெறியாளர் எழுதிய ஓரக் குறிப்புகளும் டிராக் சேஞ்சஸ் திருத்தங்களும் அவர் பெயரோடு உள்ளே கிடப்பதுண்டு. எல்லாவற்றையும் ஏற்று, நீக்கி, கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். நெறியாளர் பெயர் தெரிந்தால் அது யாருடைய மாணவர் என்பதும் தெரிந்துவிடும். சிறிய துறையில் அதுவே மதிப்பீட்டைச் சாய்த்துவிடும்.

தமிழ்ச் சான்றுகள் இருந்தால் யூனிகோடில் தட்டுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அனுப்பினால் மறுமுனையில் ரோமன் எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும்.

அனுப்புவதும் காத்திருப்பதும்

முகப்புக் கடிதம் அரைப் பக்கம் போதும். கேள்வி, முடிவு, இந்த இதழுக்கு ஏன் பொருந்துகிறது, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதி. அந்த உறுதியைக் காப்பாற்றுங்கள். ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு ஒரே சமயத்தில் அனுப்புவது சமூக அறிவியலில் பெரும் தவறு, அதுவும் வட்டாரத்தில் இரண்டு ஆசிரியர்களும் ஒரே மதிப்பீட்டாளரை அணுகுவது சாதாரணமாக நடக்கும். ஒரே தரவை நான்கு கட்டுரையாகச் சீவுவதும் அப்படித்தான் வெளிப்படுகிறது.

எழுத்துத் திருட்டு பற்றிய யுஜிசியின் 2018 ஒழுங்குமுறையில், பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை இருக்கும் ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. ஆனால் மென்பொருள் காட்டும் சதவீதத்தைக் குறைக்க ஒத்த சொற்களைப் போட்டு வாக்கியத்தை உருக்குலைப்பது திருட்டை மறைக்கும் வேலைதான். செயற்கை நுண்ணறிவுக் கருவியால் மொழியைத் திருத்தியிருந்தால் இதழ் கேட்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள். அது தரும் மேற்கோள் ஒவ்வொன்றையும் மூலத்தைத் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் காட்டுவது அதன் வழக்கம், மதிப்பீட்டாளர் அப்படி ஒன்றைக் கண்டாலும் மீதியைப் படிக்க மாட்டார்.

முதல் பரிசீலனைக்குச் சில வாரங்கள், மதிப்பீட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மதிப்பீட்டாளர்கள் சம்பளமில்லாமல், விடைத்தாள் திருத்தும் இடைவெளியில் படிக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துக் கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதலாம். தொலைபேசியில் கூப்பிடுவதும், தெரிந்த பேராசிரியரை விட்டுச் சொல்லச் சொல்வதும் வேண்டவே வேண்டாம்.

திருத்தச் சொல்லிக் கடிதம் வந்தால்

‘பெரிய திருத்தம்’ என்ற சொல்லைக் கண்டு சோர்ந்து கைவிடுபவர்கள் நிறைய. அது நிராகரிப்பு இல்லை. ஆசிரியர் உங்கள் கட்டுரையில் இன்னும் நேரம் செலவிடத் தயார் என்ற செய்தி. இரண்டு நாள் தள்ளி வைத்துவிட்டு மறுபடி படியுங்கள்.

மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை போடுங்கள்: மதிப்பீட்டாளர் சொன்னது சொல் மாறாமல், உங்கள் பதில், மாற்றம் செய்த பக்கமும் வரியும். ஒன்றைக்கூட விடாதீர்கள். ‘திருத்தப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல் பதில் அல்ல. புதிய வாக்கியத்தையே அங்கே ஒட்டிக் காட்டுங்கள். ஒரு கருத்தை ஏற்க முடியவில்லை என்றால் மரியாதையோடு, சான்றோடு மறுக்கலாம். ‘மாதிரியை 300 ஆக்குங்கள்’ என்று கேட்டால் களத்துக்குத் திரும்ப முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, இருக்கும் 94 குடும்பங்களை வைத்து எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று கட்டுரையில் வரம்பிட்டு எழுதுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் அதை ஏற்பார்கள். இரண்டு மதிப்பீட்டாளர்கள் எதிரெதிராகச் சொன்னால் ஒருவரைத் தேர்ந்து மற்றவரை மௌனமாக விட்டுவிடாமல், எந்த வழியில் போகிறீர்கள், ஏன் என்று ஆசிரியருக்கு நேரடியாக எழுதுங்கள்.

நிராகரிப்பே வந்தாலும் குறிப்புகளைத் திருத்தாமல் அடுத்த இதழுக்கு அனுப்பாதீர்கள். அதே மதிப்பீட்டாளர் கைக்கே அது மறுபடி போகலாம்.

மெய்ப்பு

மெய்ப்புக்கு 48 அல்லது 72 மணி நேரம்தான் தருவார்கள். இந்தக் கட்டத்தில் வாதத்தை மாற்ற முடியாது. அட்டவணைக் கூட்டுத்தொகை, ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டு, அரசாணை எண்ணும் தேதியும், உங்கள் பெயரும் நிறுவனமும், மேற்கோள் பட்டியலில் இருப்பதும் கட்டுரைக்குள் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்பது, இவற்றை மட்டும் ஒரு சுற்று பாருங்கள். மறைத்து வைத்த நன்றியுரையும் நிதி விவரமும் திரும்பச் சேர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நிதி தந்த நிறுவனம் பிறகு கேட்கும்.

பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடும் முன், ஏற்கப்பட்ட வடிவத்தை உங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்க எப்போது அனுமதி என்று படித்துக்கொள்ளுங்கள். வினாநிரல், குறியீட்டுத் தாள், நேர்காணல் பதிவுகள், ஒப்புதல் படிவங்கள் ஆகியவற்றை வெளியீட்டுக்குப் பிறகும் பத்திரமாக வைத்திருங்கள். அச்சான கட்டுரையில் ஒரு தவறான எண் கண்ணில் பட்டால், யாராவது கண்டுபிடிக்கும்வரை காத்திராமல் ஆசிரியருக்கு எழுதித் திருத்தக் குறிப்பு வெளியிடச் சொல்லுங்கள். எந்தப் பக்கம், எந்த அட்டவணை, தவறான எண், சரியான எண், முடிவு மாறுகிறதா இல்லையா என்ற ஐந்து விவரமும் அந்தக் கடிதத்தில் இருந்தால் போதும்.